ஆடத் தெரிஞ்சவனுக்கு கேசினோவுல ப்ரமோஷன் சலுகை கிடையாதுன்னு ரூல் போடறாங்க, இது நியாயமா?

ஹென்டர்சன்வாசி:

வணக்கம் மக்களே. நான் லாஸ் வேகஸ் பக்கத்துல ஹென்டர்சன்ல பதினோரு வருஷமா இருக்கேன், ஆஸ்பத்திரி லேப்ல நைட் ஷிஃப்ட் வேலை. காலையில வீட்டுக்குப் போற வழியில ஒரு கேசினோ இருக்கு, ஸ்ட்ரிப்ல இருக்கற பெரிய இடம் இல்ல, உள்ளூர் ஜனங்க வர்ற இடம், பேர் வேண்டாம். அங்க செவ்வாய்க்கிழமைன்னா 6 மடங்கு பாயின்ட்ஸ் (கேசினோ கார்ட மெஷின்ல சொருகி ஆடினா ஆடற காசுக்கு ஏத்த மாதிரி ஏறும், அதுக்கு காசு மதிப்பு உண்டு). நான் ஸ்லாட் தொட மாட்டேன், வீடியோ போக்கர் மட்டும்தான், அதுலயும் 9/6 ஜாக்ஸ் ஆர் பெட்டர் மட்டும்தான். தெரியாதவங்களுக்காக சொல்றேன், ஃபுல் ஹவுஸ், ஃப்ளஷ்னு ரெண்டு போக்கர் கை இருக்கு, முதலாவதுக்கு 9 மடங்கு, ரெண்டாவதுக்கு 6 மடங்கு குடுக்கற மெஷின் அது, ஒரு கார்டு கூட தப்பா வைக்காம ஆடினா போட்டதுல 99.54% திரும்ப வரும். அதே மாதிரி பக்கத்துலயே 8/5 மெஷின் இருக்கும், பாக்க அச்சு அசல் அப்படியே இருக்கும், அது 97.3% தான். இந்த வித்தியாசத்த பாக்கக் கத்துக்கவும் எந்தக் கைக்கு எத வைக்கணும்னு மனப்பாடம் பண்ணவும் எனக்கு ஆறு மாசம் ஆச்சு, வீட்ல கம்ப்யூட்டர்ல ப்ராக்டிஸ் சாஃப்ட்வேர் போட்டு தினம் ஒரு மணி நேரம் உக்காந்திருக்கேன்.

இப்ப கணக்க பாருங்க. ஒரு கை 1.25 டாலர். 8,000 கை ஆடினா 10,000 டாலர் காயின் இன், அதாவது மெஷின்ல கட்டின மொத்தப் பந்தயம் (பத்தாயிரம் கையில வேணும்னு இல்ல, அதே காசுதான் சுத்திச் சுத்தி உள்ள போயிட்டு வெளிய வரும்). அதுல சராசரியா 46 டாலர் எனக்கு நஷ்டம். சாதா நாள்ல பாயின்ட்ஸ் 0.1%, அதாவது 10 டாலர். செவ்வாய்க்கிழமை 60 டாலர். ஆக பத்துப் பன்னெண்டு மணி நேரம் கண்ணு வலிக்க உக்காந்தா 14 டாலர் லாபம், அதுவும் காகிதத்துல. இத வச்சு நான் ஒண்ணும் வீடு கட்டல, நஷ்டமில்லாம எனக்குப் பிடிச்ச ஆட்டத்த ஆடறேன், அவ்ளோதான்.

போன மாசம் கியாஸ்க்ல கார்ட போட்டா "இந்த ப்ரமோஷனுக்கு உங்களுக்குத் தகுதி இல்லை, கவுன்டரை அணுகவும்"னு வருது. கவுன்டர்ல இருந்தவங்கள எனக்கு நாலஞ்சு வருஷமாத் தெரியும், என் பையன் பேர் சொல்லி விசாரிப்பாங்க. ஸ்க்ரீன பாத்துட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல, அப்புறம் ரூல்ஸ் ஷீட்ட ப்ரின்ட் எடுத்து கடைசி வரிக்கு கீழ பேனாவால கோடு போட்டு என் பக்கம் திருப்பி வச்சாங்க. ப்ரொஃபஷனல், அட்வான்டேஜ் ப்ளேயர்னு நிர்வாகம் யார கருதுதோ அவங்கள எப்ப வேணா நீக்கலாமாம். அப்படின்னா யாருங்கன்னு கேட்டா அவங்களுக்கும் தெரியல, பாவம்.

இதுல எனக்கு மனசு ஆறாத விஷயம், இந்த வருஷம் ராயல் ஃப்ளஷ், அதாவது இருக்கறதுலயே பெரிய பரிசுக் கை, ஒண்ணு கூட விழாம நான் 1,900 டாலர் நஷ்டத்துல இருக்கேன். தோத்தவன எப்படிங்க கெட்டிக்காரன்னு சொல்லி விரட்டுவாங்க? என் மனைவி எப்பவாவது வந்து பென்னி ஸ்லாட் ஆடுவா, அவளுக்கு வாராவாரம் 25 டாலர் ஃப்ரீ ப்ளே (மெஷின்ல ஆட கேசினோ சும்மா குடுக்கற காசு), பஃபே கூப்பன்லாம் தபால்ல வருது.

கேள்வி இதுதான். இப்படி ஆள் பாத்து நீக்கறது சட்டப்படி சரியா? நீக்கறதுக்கு முன்னாடி ரெண்டு செவ்வாய்க்கிழமை ஆடினதுக்கு வர வேண்டிய எக்ஸ்ட்ரா பாயின்ட்ஸ் 48 டாலர் இன்னும் ஏறல, அத கேக்க முடியுமா? யார்கிட்ட கேக்கணும்?

பழைய மார்க்கெட்டிங் ஆளு:

நண்பரே, நான் அட்லான்டிக் சிட்டியில ஒரு கேசினோவோட மார்க்கெட்டிங்ல டேட்டா பாக்கற வேலை அஞ்சு வருஷம் பாத்தவன், அதனால அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன்.

முதல்ல நீங்க ஜெயிச்சீங்களா தோத்தீங்களான்னு ஆஃபர் போடற சிஸ்டம் பெருசா பாக்கறதில்ல. அது பாக்கறது "தியோ"ன்னு ஒரு நம்பர். நீங்க போட்ட மொத்தக் காசு, அந்த மெஷின் சராசரியா பிடிக்கற சதவீதம், ரெண்டையும் பெருக்கினா வர்றது. உங்க 10,000 டாலருக்கு தியோ வெறும் 46. உங்க வீட்டம்மா ஆடற பென்னி ஸ்லாட் 10% பிடிக்குதுன்னு வைங்க, அவங்க 500 டாலர் காயின் இன் போட்டாலே தியோ 50 வந்துரும். நீங்க பன்னெண்டு மணி நேரம் ஆடறதும் அவங்க ஒரு மணி நேரம் ஆடறதும் கேசினோ கண்ணுக்கு ஒண்ணுதான். இப்ப 6 மடங்கு பாயின்ட்ஸ் ரெண்டு பேருக்கும் குடுத்தா அவங்களுக்கு 3 டாலர் போகும், உங்களுக்கு 60 போகும். 50 எடுத்து 3 குடுக்கறாங்க, 46 எடுத்து 60 குடுக்கறாங்க. ரிப்போர்ட்ல உங்க வரி சிவப்பா நிக்கும். நீங்க தோத்த 1,900 டாலர அவங்க உங்க கெட்ட நேரம்னுதான் பாப்பாங்க, அடுத்த வருஷம் ரெண்டு ராயல் விழுந்தா அது திரும்பிப் போயிரும்னு அவங்களுக்குத் தெரியும்.

எங்க ஆஃபீஸ்ல மாசத்துக்கு ஒரு தடவ ஒரு லிஸ்ட் எடுப்போம். மல்டிப்ளையர் நாள், அதாவது 6 மடங்கு மாதிரி பாயின்ட்ஸ் தர்ற நாள் மட்டும் வர்றவங்க, ஃப்ளோர்ல இருக்கறதுலயே நல்லா திரும்பத் தர்ற மெஷின்ல மட்டும் உக்கார்றவங்க, ஃப்ரீ ப்ளேய அன்னிக்கே எடுத்துட்டு ஒரு டாலர் கூட மேல போடாம கிளம்பறவங்க. மூணும் சேந்து இருந்தா பேர் பக்கத்துல "நோ மெயில்", அதாவது இவருக்கு ஆஃபர் அனுப்பாதேன்னு விழுந்துரும். அந்த லிஸ்ட்ல கெட்டிக்காரங்க மட்டும் இருப்பாங்கன்னு நினைக்காதீங்க, பென்ஷன் வாங்கற பெரியவங்க நிறைய பேர் இருந்தாங்க, செவ்வாய்க்கிழமைதான் அவங்களுக்கு பஸ் வரும், அதனால செவ்வாய்க்கிழமை மட்டும் வந்தாங்க. நான் இத மீட்டிங்ல பல தடவ சொல்லியிருக்கேன், ஆள நீக்காதீங்க, மெஷின நீக்குங்கன்னு. "99%க்கு மேல திரும்பத் தர்ற மெஷினுக்கு மல்டிப்ளையர் கிடையாது"ன்னு போர்டு வச்சா உக்கார்றதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் தெரியும், ஒருத்தர் மனசும் புண்படாது. நிறைய கேசினோ அப்படித்தான் பண்ணுது, வீடியோ போக்கருக்கு பாதி பாயின்ட்ஸ், நல்ல மெஷினுக்கு கால்வாசி, இல்ல சுத்தமா கிடையாது. அதுல ஒரு நேர்மை இருக்கு. ஆள பாத்து நீக்கறதுல அது இல்ல.

ஒரு எச்சரிக்கை. கோபத்துல மனைவி கார்ட சொருகி ஆடிறாதீங்க. கேமராவுல முகம் ஒண்ணு, கார்டுல பேர் ஒண்ணுன்னா அது நிஜமாவே ரூல் மீறினது ஆயிடும், அப்புறம் ரெண்டு பேர் கார்டும் போயிரும், கேசினோ பக்கம் நியாயமும் சேந்துரும்.

நியூஜெர்சி தம்பி:

அண்ணா வணக்கம், நான் பிளாக்ஜாக் ஆளு, எடிசன்ல இருக்கேன், வீக்கெண்டுல அட்லான்டிக் சிட்டி போவேன். சட்டம் பத்தி நான் கொஞ்சம் படிச்சிருக்கேன், சொல்றேன்.

இதுல ஊருக்கு ஊரு வேற. இங்க நியூஜெர்சியில கென் உஸ்டன்னு ஒரு கார்டு கவுன்டர், அதாவது வெளிய வந்த கார்டுகள மனசுல எண்ணி ஆடறவர் இருந்தார், 1979ல ரிசார்ட்ஸ் இன்டர்நேஷனல் கேசினோவுல அவர பிளாக்ஜாக் டேபிள்ல உக்காரக் கூடாதுன்னு தடுத்தாங்க. அவர் கேஸ் போட்டு 1982ல மாநில சுப்ரீம் கோர்ட்டுல ஜெயிச்சார். மூளைய மட்டும் வச்சு கார்டு எண்றவன, அதுக்கான விதிய மாநில கேசினோ கமிஷன் போடாதப்ப, கேசினோ தானா முடிவு பண்ணி வெளிய அனுப்ப முடியாதுன்னு தீர்ப்பு. அதனால இன்னிக்கும் இங்க யாரும் என்ன வெளிய போன்னு சொல்றதில்ல. ஆனா பக்கத்து சந்து வழியா வருவாங்க, நான் பெட்ட ஏத்தினா டீலர் உடனே ஷஃபிள் பண்ணுவார், இல்லேன்னா ஃப்ளோர் சூப்பர்வைசர் வந்து இனிமே உங்களுக்கு ஒரு கைக்கு இவ்ளோதான்னு லிமிட் சொல்லிட்டுப் போவார், பக்கத்து சீட்ல இருக்கறவருக்கு அந்த லிமிட் கிடையாது. அதெல்லாம் இங்க அனுமதிதான். கூப்பன், ஃப்ரீ ரூம், ஃப்ரீ ப்ளே எல்லாம் அவங்க விருப்பம்.

நெவாடாவுல கதையே வேற. அங்க கேசினோ தனியார் இடம், பிடிக்கலேன்னா வராதேன்னு சொல்லலாம், அதுக்கப்புறமும் போனா ட்ரெஸ்பாஸ். கார்டு எண்றது அங்கயும் குற்றம் இல்ல, ஆனா குற்றம் இல்லங்கறதுக்காக உன்ன ஆட விட்டே ஆகணும்னும் இல்ல. அதனால உங்க முதல் கேள்விக்கு வருத்தமான பதில்தான், இனிமே வர்ற ப்ரமோஷன்ல இருந்து நீக்கறது அவங்க உரிமை.

ஆனா அந்த 48 டாலர் வேற விஷயம் அண்ணா, அத விடாதீங்க. நெவாடா சட்டத்துல கஸ்டமர் தகராறுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு, அதுல ஆட்டம் மட்டும் இல்ல, போட்டி, குலுக்கல், ப்ரமோஷன் எல்லாம் வருது. முதல்ல கேசினோகிட்ட பேசணும். தீரலேன்னா, 500 டாலரும் அதுக்கு மேலயும்னா கேசினோவே உடனே மாநில அரசோட கேமிங் கன்ட்ரோல் போர்டுக்கு சொல்லணும், அதுக்குக் கீழன்னா நீங்க போர்டுகிட்ட விசாரணை கேக்கலாம்னு உங்களுக்கு அவங்க தெரியப்படுத்தணும். நீங்க ஆடின ரெண்டு நாள்லயும் உங்கள நீக்கல, ரூல்ஸ் ஷீட் உங்களுக்கும் பொருந்திச்சு, நீங்க உங்க பங்க முடிச்சிட்டீங்க. அந்தத் தேதிகள எழுதி, அன்னன்னிக்கு காயின் இன் எவ்ளோன்னு கவுன்டர்ல கேட்டு வாங்கி, எழுத்துல குடுங்க.

எனக்கு இந்த விஷயத்துல ரொம்பக் கோபம் வர்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. ப்ரமோஷன் எழுதறது அவங்க, கணக்கு போட ஆள் வச்சிருக்கறது அவங்க. 2011ல டான் ஜான்சன்னு ஒருத்தர் அட்லான்டிக் சிட்டியில பண்ணினது ஞாபகம் இருக்கா? ஊரே வியாபாரம் இல்லாம காஞ்சு கிடந்த நேரம், பெரிய ஆளுங்கள இழுக்க கேசினோக்காரங்க நஷ்டத்துல 20% திருப்பித் தர்றோம்னு அவர்கிட்ட ஒத்துக்கிட்டாங்க. அவர் டேபிள் ரூல்ஸையும் ஒவ்வொண்ணாப் பேசிப் பேசி கேசினோவோட எட்ஜ, அதாவது ஒவ்வொரு பந்தயத்துலயும் அவங்களுக்குச் சராசரியா நிக்கற பங்க, கால் சதவீதத்துக்குக் கொண்டு வந்தார். 5 லட்சம் டாலர் தோத்தா 1 லட்சம் திரும்ப வரும், அதாவது கை விட்டுப் போறது 4 லட்சம், ஜெயிச்சா முழுசும் அவருக்கு. அந்தக் கணக்கு அவர் பக்கம் சாஞ்சிருக்குன்னு டேபிள்ல உக்காந்தப்பறம்தான் அவங்களுக்குப் புரிஞ்சுது. ட்ராபிகானாவுல ஒரே ராத்திரி 58 லட்சம் டாலர், போர்காட்டா, சீசர்ஸ் எல்லாம் சேத்து ஒன்றரைக் கோடி டாலர். அவர் ஒரு கார்டு கூட எண்ணல, குடுத்த ஆஃபர ஒழுங்காப் படிச்சார், அவ்ளோதான். தப்பா எழுதினா காசக் குடுத்துட்டு அடுத்த தடவ சரியா எழுதணும். படிச்சவன குத்தம் சொல்லக் கூடாது.

சின்ன ப்ரமோஷன்லயும் இதே கதைதான். முதல் ரெண்டு கார்டுலயே 21 விழுந்தா, அதுக்கும் பிளாக்ஜாக்னுதான் பேர், அதுக்கு 3:2 குடுக்கறதுக்கு பதிலா இன்னிக்கு 2:1னு போர்டு வைப்பாங்க. பிளாக்ஜாக் ஏறக்குறைய 21 கைக்கு ஒண்ணு வரும், அதனால அந்த ஒரு மாத்தத்துக்கு மதிப்பு 2.3%க்குப் பக்கம், கேசினோவோட எட்ஜே அரை சதவீதம்தான். பேசிக் ஸ்ட்ராடஜி, அதாவது எந்தக் கைக்கு என்ன பண்ணணும்ங்கற கணக்கு தெரிஞ்ச யாருக்கும் அன்னிக்கு லாபம்தான். அதுக்கு ஒழுங்கான வழி, 25 டாலருக்கு மேல பெட் கட்டினா 2:1 கிடையாதுன்னு மொதல்லயே எழுதறது. பல இடத்துல அப்படித்தான் எழுதறாங்க, நானும் சந்தோஷமா 25 டாலர் கட்டிட்டு வந்துருவேன்.

ஃபீனிக்ஸ் கடைக்காரர்:

எல்லாரும் ஒரு பக்கமாப் பேசறீங்க, நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் இந்திய மளிகைக் கடை வச்சிருக்கேன். தீபாவளி நேரத்துல 20 பவுண்டு பொன்னி அரிசி மூட்டைய வாங்கின விலைக்கும் கீழ போடுவேன், அரிசிக்கு வர்றவங்க பருப்பு, எண்ணெய், வெல்லம்னு நாலு பொருள் வாங்குவாங்கன்னு. சில பேர் வேன் கொண்டு வந்து மூட்டைய மட்டும் ஏத்திட்டுப் போவாங்க, வேற ஒண்ணும் தொட மாட்டாங்க. அவங்க பண்றது குத்தம் இல்ல, ஆனா அவங்களுக்காக நான் அந்த ஆஃபர் போடல. பாயின்ட்ஸும் அதே மாதிரி அரிசி மூட்டைதானே, கேசினோவுக்கு மட்டும் ஏன் அந்த உரிமை இருக்கக் கூடாது? எப்பவும் லாபத்துல ஆடறவங்களுக்கே பாயின்ட்ஸ் எல்லாம் போய்ச் சேந்துச்சுன்னா சாதா ஆளுக்குப் போடற ப்ரமோஷனே நின்னு போயிரும்.

நியூஜெர்சி தம்பி:

அண்ணே, உங்க வருத்தம் புரியுது, ஆனா நீங்க கடையில என்ன எழுதி ஒட்டுவீங்க? "ஒரு குடும்பத்துக்கு ரெண்டு மூட்டை"ன்னுதானே? "கணக்கு தெரிஞ்சவங்களுக்கு அரிசி கிடையாது"ன்னு ஒட்டுவீங்களா, மூட்டைக்குக் காச வாங்கிட்டு வேன்ல ஏத்தறப்ப பிடுங்குவீங்களா?

ஃபீனிக்ஸ் கடைக்காரர்:

ரெண்டு மூட்டைன்னுதான் ஒட்டுவேன், அது உண்மைதான். காச வாங்கிட்டு பிடுங்க மாட்டேன். அந்த 48 டாலர் அவருக்குச் சேர வேண்டியதுதான், அதுல எனக்கு மறுபேச்சு இல்ல.

கரவெட்டிப் பெடியன்:

வணக்கம். நான் லண்டனில இருக்கிறன், எனக்கு கசினோ பழக்கம் இல்லை, ஒன்லைன் பெட்டிங்தான். இங்க இதுக்கு ஒரு பெயரே இருக்குது, "கப்பிங்" எண்டு சொல்லுவினம். எக்கவுண்ட் திறந்த உடன 10 பவுண்ஸ் ஃப்ரீ பெட், கிழமைக்கு ஒருக்கா 5 பவுண்ஸ் எண்டு தருவினம். நான் அந்த ஃப்ரீ பெட்டை ஒரு டீம் வெல்லும் எண்டு வச்சுப்போட்டு, பெட்டிங் எக்ஸ்சேஞ்சில, அதாவது ஆக்கள் ஒருத்தரோட ஒருத்தர் பந்தயம் கட்டுற இடத்தில, அதே டீம் வெல்லாது எண்டு மற்றப் பக்கம் வைப்பன், எது நடந்தாலும் ஒரு 7 பவுண்ஸ் நிக்கும். மட்ச் பார்க்கக்கூடத் தேவையில்லை. ஒரு அஞ்சாறு தரம் செய்திருப்பன், இமெயில் வந்தது, இனி உங்களுக்கு ப்ரமோஷன் ஒண்டும் இல்லை எண்டு. காரணம் கேட்டால் "ட்ரேடிங் டிசிஷன்" எண்ட ரெண்டு சொல்லுத்தான் மறுமொழி, நான் மூண்டு தரம் கேட்டன், மூண்டு தரமும் அதே வசனம்தான், ஒரு எழுத்து மாறேல்லை.

ஆனா இஞ்ச ஒரு நல்ல விஷயம் நடந்தது. 2018இல போட்டி மற்றும் சந்தைகள் அதிகாரசபை, சிஎம்ஏ எண்டு சொல்லுறது, கேம்ப்ளிங் கமிஷனோட சேர்ந்து ஒன்லைன் கம்பனிகளை விசாரிச்சது. போனஸ் நிபந்தனைகளைத் தெளிவா முன்னுக்கே சொல்லோணும், ஆக்கள் வைப்பில போட்ட சொந்தக் காசை எடுக்க முதல் இத்தனை தரம் விளையாடு எண்டு மறிக்கக் கூடாது, விளங்காத பொதுவான நிபந்தனையைக் காட்டிக் காசைப் பறிக்கக் கூடாது எண்டு கொஞ்சக் கம்பனிகளிட்ட எழுத்தில உறுதி வாங்கினவை. அதால ஃப்ரீ பெட் நிப்பாட்டினது நிப்பாட்டினதுதான், ஆனா முதலே வென்ற காசில கை வைக்கிறது குறைஞ்சுபோட்டுது. நீங்கள் கேக்கிற ரெண்டு கேள்விக்கும் இடையில இருக்கிற வித்தியாசமும் இதுதான் எண்டு நான் நினைக்கிறன்.

மயிலாப்பூர்க்காரன்:

படிக்கப் படிக்க ஒண்ணு தோணுச்சு. நம்ம ஊர்ல ரொம்ப காலம் வழக்கு தலைகீழா நடந்தது. 1996ல லட்சுமணன் வழக்குல, கிண்டி ரேஸ் விஷயம், குதிரைப் பந்தயம் திறமை சம்பந்தப்பட்டது, அதனால சூதாட்டம் இல்லன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. ரம்மிக்கும் 1968லயே அப்படித்தான். திறமை இருக்குன்னு நிரூபிச்சாத்தான் இங்க ஆட்டமே பிழைக்கும், அங்க திறமை இருக்குன்னு சந்தேகம் வந்தாலே சலுகை போயிருது. 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு ஆன்லைன்ல காசு கட்டி ஆடறது திறமையோ அதிர்ஷ்டமோ எதுவும் கூடாதுன்னு சட்டம் கொண்டு வந்துருச்சு, அது தனிக் கதை. நம்ம சட்டத்துல இத்தனை வருஷமா "திறமை"ங்கறதுக்கு என்ன அர்த்தம்னு கோர்ட்டுல வாதாடி வாதாடி தீர்ப்பு மேல தீர்ப்பு இருக்கு. அந்த ரூல்ஸ் ஷீட்ல அந்த வார்த்தைக்கு ஒரு வரி விளக்கம் கூட இல்லங்கறது எனக்கு ரொம்ப உறுத்துது.

ஹென்டர்சன்வாசி:

எல்லாருக்கும் நன்றி, உடனே வந்து எழுத முடியல, ஷிஃப்ட் மாத்திட்டாங்க. நடந்தத சொல்றேன்.

தம்பி சொன்ன மாதிரி ரெண்டு தேதி, காயின் இன் 9,600 டாலர், வர வேண்டிய எக்ஸ்ட்ரா 48 டாலர், எல்லாம் ஒரே பக்கத்துல எழுதி கோடு போட்ட அந்த ரூல்ஸ் ஷீட்டோட காப்பியும் வச்சுக் குடுத்தேன். கடைசியில, தீரலேன்னா போர்டுக்கு எழுதறதா இருக்கேன்னு மரியாதையா ஒரு வரி. நாலு நாள் கழிச்சு ஸ்லாட் மேனேஜர் போன் பண்ணினார், நல்லாத்தான் பேசினார், 48 டாலர ஃப்ரீ ப்ளேயா ஏத்திட்டாங்க. நீக்கினது நீக்கினதுதான்னும் சொல்லிட்டார். நான் அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன், நான் என்ன பண்ணியிருந்தா இந்த லிஸ்ட்ல வந்திருக்க மாட்டேன்னு. கொஞ்சம் யோசிச்சிட்டு, "மத்த மெஷின்லயும் கொஞ்சம் ஆடியிருக்கலாம்"னார். அதாவது தப்புத் தப்பா ஆடு, 8/5 மெஷின்ல உக்காரு, பென்னி ஸ்லாட்ல போய் போடு. நான் ஆறு மாசம் உக்காந்து கத்துக்கிட்டது வேண்டாத விஷயம்னு நேருக்கு நேரா ஒருத்தர் சொன்னா மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு.

மார்க்கெட்டிங் அண்ணன் சொன்ன அந்த பஸ்ல வர்ற பெரியவங்க விஷயத்த படிச்சதுல இருந்து எனக்கு அங்க எப்பவும் பக்கத்து மெஷின்ல உக்கார்ற ஒரு பெரியவர் ஞாபகமாவே இருக்கு. ரிடையர்டு போஸ்ட்மேன், கண்ணாடிய நெத்தியில ஏத்திட்டு ஒவ்வொரு கையையும் வாய்விட்டுப் படிச்சு ஆடுவார். அவர் கார்டும் போச்சா இல்லியான்னு தெரியல, அடுத்த வாரம் போய்ப் பாத்து சொல்லணும், அவருக்கும் ஏறாத பாயின்ட்ஸ் இருந்தா அந்த ஒரு பக்கக் கடிதத்த நானே எழுதிக் குடுத்துருவேன்.

பழைய மார்க்கெட்டிங் ஆளு:

எழுதிக் குடுங்க. அவர்கிட்ட விழுந்த ஜாக்பாட் பேப்பரெல்லாம் பத்திரமா வச்சுக்கச் சொல்லுங்க, உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன். 2026ல இருந்து ஃபெடரல் டாக்ஸ்ல சூதாட்ட நஷ்டத்துல 90% தான் கழிச்சுக்க முடியும். ஒரு ராயல் விழுந்து அதே அளவு தோத்திருந்தாலும் மிச்சம் 10%க்கு வரி வரும். 14 டாலர் லாபத்துல ஆடறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல, பாயின்ட்ஸ் போனதவிட இது பெரிய அடியா இருக்கும். ஒரு நோட்டுல தேதி, மெஷின் நம்பர், காயின் இன், எடுத்த காசு எல்லாம் அன்னன்னிக்கே எழுதி வைங்க, கேசினோ தர்ற வருஷக் கணக்கு ஷீட்ட மட்டும் நம்பி இருக்காதீங்க.

ஹென்டர்சன்வாசி:

சரிங்கண்ணா, நோட்டு ஏற்கனவே இருக்கு, மெஷின் நம்பர் மட்டும் எழுதறதில்ல, இனிமே எழுதறேன். வேகஸ்ல மெஷினுக்கு மட்டும் ரூல் போட்டு ஆள விட்டு வைக்கற உள்ளூர் கேசினோ எதாவது தெரிஞ்சவங்க இருந்தா தனி மெசேஜ்ல சொல்லுங்க.